விழிப்பில் மூளைக் கட்டியை எடுப்பது: சுன்னாகத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

சுன்னாகத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணாவுக்கு 38 வயது, கணித ஆசிரியர். வகுப்பில் நின்றபோது முதன்முதலாக வலிப்பு வந்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் மூளையின் இடது முன்பகுதியில் ஒரு கட்டி. கிளையோமா (மூளையின் நரம்புகளைத் தாங்கும் செல்களிலிருந்து வளரும் கட்டி), அதிலும் மெதுவாக வளரும் வகை போலத் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். பேச்சுக்குரிய இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், அவரை விழிப்பில் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது வைத்தியர்களின் கருத்து. சென்னையில் விசாரித்த இடத்தில், சத்திரசிகிச்சை நடக்கும்போதே தியேட்டருக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்கும் வசதியும் இருக்கிறது என்றார்களாம். மூன்று விஷயம் கேட்கிறார். முழிப்பில் தலையைத் திறந்தால் வலிக்காதா? அந்த எம்.ஆர்.ஐ. இல்லாத இடத்தில் செய்தால் குறையா? வீட்டுக்காரர் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

நான் மயக்க மருந்து வைத்தியர். இப்படியான சத்திரசிகிச்சைகளில் தலைமாட்டில் இருந்து நோயாளியோடு கதைத்துக்கொண்டிருப்பது என் வேலையில் ஒரு பெரிய பகுதி. அந்த இடத்திலிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் வலி. மூளைக்கு வலி தெரியாது. அதை வெட்டினாலும் தொட்டாலும் நோவை உணர்கிற நரம்பு முனைகள் அதற்குள் இல்லை. நோவது தலைத்தோலும், எலும்பை ஒட்டிய சவ்வும், மூளையைச் சுற்றியிருக்கும் தடித்த உறையும்தான். ஆகவே மரத்துப்போகச் செய்ய வேண்டியது அவற்றைத்தான். தலைத்தோலுக்கு வரும் நரம்புகள் ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு. புருவத்துக்கு மேலே, நெற்றிப்பொட்டில், காதை ஒட்டி, பிடரியில் என்று அவை வெளிவருகிற இடங்கள் எங்களுக்குத் தெரியும். அங்கே பியூபிவக்கைன், ரோபிவக்கைன் போன்ற மருந்தை ஊசியால் போட்டால் தலை பல மணி நேரம் மரத்துக் கிடக்கும். பல் வைத்தியர் போடுகிற விறைப்பூசியின் இனம்தான் இதுவும்.

கொஞ்சமும் நோகாது என்று நான் சொல்ல மாட்டேன். ஊசி போடும்போது சுள்ளென்று இருக்கும். தலையை அசையாமல் பிடிக்கும் கவ்வியின் அழுத்தம் தெரியும். உறையில் இரத்தக்குழாய் ஓடுகிற இடத்தை இழுத்தால் சிலருக்குச் சட்டென்று குத்தும்; உடனே அங்கே இன்னும் கொஞ்சம் மருந்து வைப்போம். ஆனால் விழித்திருக்கும் நோயாளிகள் எங்களிடம் அதிகம் முறையிடுவது தலையைப் பற்றி அல்ல. ஒரே பக்கமாகக் கிடந்து இடுப்பு நோகிறது, தோள் விறைக்கிறது, வாய் காய்கிறது, சிறுநீர்க் குழாய் அரிக்கிறது. இவைதான். அதனால் அவரைப் படுக்க வைக்கும்போதே, முழு விழிப்பில், "இப்படிக் கிடந்தால் வசதியா, கால் எப்படி" என்று கேட்டுக் கேட்டு மெத்தையைச் சரிசெய்வோம். நேரம் எடுக்கும். அந்த நேரத்தை மிச்சப்படுத்தப் பார்க்கிற குழு பிறகு வருந்தும்.

இன்னொன்றையும் அண்ணாவுக்குச் சொல்லுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை விழித்திருக்கத் தேவையில்லை. பல இடங்களில் எலும்பைத் திறக்கும்வரை புரொப்போஃபோல், ரெமிஃபென்டனில், டெக்ஸ்மெடிடோமிடின் போன்ற மருந்துகளால் தூங்க வைத்திருப்பார்கள். மூளை வெளியே தெரிந்த பிறகு மருந்தைக் குறைப்பார்கள். அவர் மெல்ல எழும்புவார். பேச்சைச் சோதிக்க வேண்டிய பகுதி முடிந்ததும் மீண்டும் தூக்கம். சில குழுக்கள் முழுத் தூக்கம் கொடுக்காமல் இலேசான அரைத்தூக்கத்திலேயே எல்லாவற்றையும் செய்யும். இரண்டுமே நல்ல முறைகள். எது அந்தக் குழுவுக்குக் கைவந்ததோ அதையே அவர்கள் செய்யட்டும்.

சரி, ஏன் எழுப்ப வேண்டும்? கிளையோமாவுக்கு உருண்டையான ஓரம் கிடையாது. வெங்காயத் தறைக்குள் கோரை இறங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுபோல நல்ல மூளைக்குள்ளே ஊடுருவிப் போயிருக்கும். கட்டியாகத் தெரிகிற இடத்திலேயே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிற மூளையும் இருக்கலாம். கண்ணுக்கோ நுணுக்குக்காட்டிக்கோ அந்த வித்தியாசம் தெரியாது.

பாடப்புத்தகத்துப் படத்தை வைத்தும் வெட்ட முடியாது. 1861இல் பிரான்சில் போல் புரோக்கா என்ற வைத்தியர், பேச்சிழந்த ஒரு நோயாளியின் மூளையை அவர் இறந்த பிறகு பார்த்து, இடது முன்பகுதியில் பழுது இருப்பதைக் கண்டார். அந்த இடத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆனால் உயிரோடிருக்கும் மனிதர்களில் தொட்டுப் பார்த்தால் பேச்சு நிற்கிற புள்ளி ஆளுக்கு ஆள் மாறுகிறது. பக்கத்து மடிப்பில் இருக்கும், பின்னால் தள்ளி இருக்கும், இரண்டு மூன்று புள்ளிகளாகச் சிதறியும் இருக்கும். மெதுவாக வளரும் கட்டி என்றால், அது வளர்ந்த ஆண்டுகளில் மூளை தன் வேலையை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டும் இருக்கலாம். முன்கூட்டி எடுக்கும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. உதவும்தான். ஆனால் பேசும்போது எந்தெந்த இடங்கள் சேர்ந்து உழைக்கின்றன என்றுதான் அது காட்டும்; எதை எடுத்தால் பேச்சே போய்விடும் என்று காட்டாது. அந்தக் கேள்விக்கு அந்த மனிதர் மட்டுமே பதில் சொல்ல முடியும்.

இதை ஒழுங்கான ஒரு முறையாக வளர்த்தவர் கனடாவின் மொன்ட்ரியாலில் 1934இல் நரம்பியல் நிறுவனத்தைத் தொடங்கிய வில்டர் பென்ஃபீல்ட். வலிப்பு நோயாளிகளை விழிப்பில் வைத்து, மூளையின் மேற்பரப்பில் சிறு மின்சாரம் கொடுத்து, எந்த இடம் என்ன செய்கிறது என்று குறித்துக்கொண்டே போனார். இன்று நாங்கள் செய்வதும் அடிப்படையில் அதுவே. ஐந்து மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு முனைகள் உள்ள ஒரு கோல். மின்சாரம் ஓரிரண்டு மில்லியம்பியரில் தொடங்கும், பெரும்பாலும் ஆறைத் தாண்டாது. நோயாளிக்கு முன்னால் ஒரு திரையில் படங்கள் வரும். அவர் ஒவ்வொன்றுக்கும் "இது" என்று தொடங்கிப் பெயரைச் சொல்ல வேண்டும். மின்சாரம் வைத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் "இது... இது..." என்று சொல்லிவிட்டுப் பெயர் வராமல் நின்றால், அந்த இடம் சொல்லைத் தேடி எடுக்கிற வேலையில் இருக்கிறது. "இது" என்பதே வராமல் வாய் நின்றுபோனால், அந்த இடம் பேச்சை வாய்வழி வெளிக்கொண்டுவருகிற வேலையில் இருக்கிறது. கோலை எடுத்ததும் பேச்சு திரும்பிவிடும். ஒரே புள்ளியை அடுத்தடுத்து அல்லாமல், இடைவெளிவிட்டு மூன்று தரமாவது சோதித்து, நம்பரிட்ட சிறு துண்டுகளை மூளைமேல் வைத்து எல்லை போடுவார்கள். பிறகு வெட்டத் தொடங்கினாலும் பேச்சு நிற்கக் கூடாது. ஆழத்தில் ஓடும் நார்களையும் அதே கோலால் சோதித்துக்கொண்டே போவார்கள். மேற்பரப்பைக் காப்பாற்றிவிட்டு உள்ளே இருக்கும் நாரை அறுத்தால் ஒன்றும் மிஞ்சாது.

அந்த மின்சாரமே சிலருக்கு வலிப்பைக் கிளப்பலாம். பயப்படுகிற மாதிரித் தோன்றும், ஆனால் தியேட்டரில் இதற்குக் குளிர்ந்த உப்புநீரைத் தயாராக வைத்திருப்போம். திறந்த மூளையின்மேல் ஊற்றியதும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இதனால் பலன் உண்டா என்று கேட்டால், என் மனதில் நிற்பது 2012இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு. 8,000க்கும் மேற்பட்ட கிளையோமா நோயாளிகள். மின்சாரத்தால் சோதித்துச் செய்தவர்களில் நிரந்தரமான கடும் குறைபாடு 3.4 சதவீதம், சோதிக்காமல் செய்தவர்களில் 8.2 சதவீதம். சோதித்தவர்களில்தான் கட்டியும் கூடுதலாக எடுபட்டிருந்தது, அதுவும் கட்டிகள் ஆபத்தான இடங்களில் இருந்தபோதே. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த பரிசோதனை அல்ல அது, வெவ்வேறு இடங்களின் அனுபவத்தைச் சேர்த்துப் பார்த்தது. இருந்தாலும் இத்தனை பெரிய வித்தியாசத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன்.

இனி எம்.ஆர்.ஐ. விஷயம். சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த ஸ்கானைக் கணினியில் ஏற்றி, கருவியின் முனை மூளையில் எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டும் வழிகாட்டி இப்போது பல இடங்களில் உண்டு. அதன் பலவீனம் என்னவென்றால், உறையைத் திறந்ததும் மூளையைச் சுற்றியிருக்கும் நீர் வடிந்து, மூளை தாழ்ந்துவிடும். கட்டியை எடுக்க எடுக்க இன்னும் நகரும். ஒரு சென்ரிமீற்றர்வரைகூட நகரலாம். திரையிலோ காலையில் இருந்த மூளை. கடைசி ஓரத்தை எடுக்கிற நேரம், வழிகாட்டி மிகத் தேவைப்படுகிற அந்த நேரத்தில்தான், அது நம்பக்கூடாததாக ஆகிறது.

நடுவில் புது ஸ்கான் எடுத்தால் அந்தக் குறை தீரும். 1994இல் அமெரிக்காவின் பொஸ்டனில், சத்திரசிகிச்சைக்காகவே நடுவில் பிளந்த வடிவிலான ஒரு காந்தத்தை அமைத்தார்கள். அந்த முயற்சியின் முன்னோடி ஃபெரென்ஸ் யோலெஸ் என்ற கதிரியக்க வைத்தியர். இன்றைய அமைப்புகளில் சில இடங்களில் நோயாளியின் மேசை பக்கத்து அறைக் காந்தத்துக்குப் போகும். சில இடங்களில் கூரையில் தொங்கும் தண்டவாளத்தில் காந்தமே நோயாளியிடம் வரும். 1.5 டெஸ்லா காந்தம் என்றால் பூமியின் காந்தத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு. ஒரு கத்தரிக்கோல் மறந்துபோய்க் கிடந்தாலும் அது பறந்து வரும். ஆகவே காந்தம் நெருங்கும் முன் ஒவ்வொரு கருவியும் எண்ணப்படும், ஒவ்வொருவர் சட்டைப்பையும் பார்க்கப்படும், காயம் சுத்தமான துணியால் மூடப்படும். ஸ்கானும் இந்த ஒழுங்குகளும் சேர்ந்து ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும்.

விழிப்பில் இருக்கும் நோயாளிக்கு இதைச் செய்வதில்தான் என் போன்றவர்களுக்கு உண்மையான தலையிடி. தலை கவ்வியில் பூட்டியிருக்கிறது, முகத்துக்கு மேல் காந்தக் குழாய், காதைப் பிளக்கும் சத்தம், நானோ எட்ட நிற்கிறேன். மூச்சுக்குழாயில் குழாய் போடப்படவில்லை. மருந்தைக் கூட்டித் தூங்க வைத்தால் மூச்சு தடைப்படலாம். உடனே எட்டிப் பிடிக்க இடமில்லை. மருந்தே கொடுக்காவிட்டால் அவர் பயந்து அசையலாம், படம் கலங்கும். பழகிய குழு இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை வைத்திருக்கும்: காதடைப்பு, மிகக் குறைந்த மருந்து, கையில் ஒரு அழைப்புப் பொத்தான், குழாய்க்குப் பக்கத்தில் நின்று காலைத் தொட்டுக்கொண்டிருக்கிற ஒருவர். அண்ணாவுக்கு மூடிய இடங்களில் மூச்சுமுட்டும் பழக்கம் உண்டா என்று இப்போதே கேட்டு, அதை வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். முதல் எம்.ஆர்.ஐ.யில் எப்படி இருந்தார் என்பதே நல்ல குறிப்பு.

பலன்? 2011இல் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட்டில் செய்த குலுக்கல் பரிசோதனை ஒன்று இருக்கிறது. தியேட்டர் எம்.ஆர்.ஐ.யோடு செய்த 24 பேரில் 23 பேருக்கு ஸ்கானில் தெரிந்த கட்டி முழுதும் எடுபட்டது. வழக்கமான முறையில் 25 பேரில் 17 பேருக்கு. சிறிய பரிசோதனைதான், ஆனால் நேர்மையாகச் செய்தது. அதிலிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்கானுக்காக ஊசியில் ஏற்றும் மருந்தால் படத்தில் ஒளிரும் கடுமையான வகை. அண்ணாவின் வகை வழக்கமாக அப்படி ஒளிர்வதில்லை. அதன் ஓரத்தை வேறுவிதப் படங்களில்தான் தேட வேண்டும். நடுவில் எடுத்த படத்திலும் தெளிவின்மை உண்டு. இரத்தம், இரத்தத்தை நிறுத்த வைத்த பஞ்சு, கையாண்டதால் வந்த வீக்கம் எல்லாம் மிச்சக் கட்டிபோலவே தெரியலாம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் நேரடியான பதில். இந்த இரண்டு முறைகளும் வேறு வேறு கேள்விக்கு விடை தருகின்றன. இன்னும் என்ன மிஞ்சியிருக்கிறது என்று ஸ்கான் சொல்லும். அதை எடுக்கலாமா என்று அண்ணாவின் பேச்சுத்தான் சொல்லும். ஸ்கானில் கட்டி மிச்சம் தெரிந்து, அந்த இடத்தில் கோலை வைத்ததும் பேச்சு நின்றால், அதை விட்டுவிட்டுத்தான் மூட வேண்டும். ஆகவே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், உங்கள் அண்ணாவின் கட்டி இருக்கும் இடத்துக்கு, விழிப்பில் சோதிப்பதில் நல்ல அனுபவமுள்ள குழுவையே நான் தேர்ந்தெடுப்பேன், அங்கே அந்த எம்.ஆர்.ஐ. இல்லாவிட்டாலும். இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தில், பழகிய கைகளில் கிடைத்தால் நல்லது. அல்ட்ராசவுண்டை வைத்தும் நடுவில் பார்க்கலாம். மலிவு, விரைவு, பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். காந்தத்தின் பெயரைக் கேட்டு மட்டும் காணியை ஈடுவைத்துவிடாதீர்கள். இப்படி அவசரப்பட்ட குடும்பங்களைப் பார்த்து மனம் வெந்திருக்கிறேன்.

நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று, அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அண்ணாவை எந்த மொழியில் சோதிக்கப் போகிறார்கள்?

இரண்டு மொழி பேசுகிறவர்களின் மூளையில், ஒரு மொழியை மட்டும் நிறுத்துகிற புள்ளிகள் இருக்கின்றன என்பது 1978 அளவிலேயே பதிவானது. ஆங்கிலத்தில் சோதித்து எல்லாம் சரி என்று வெட்டிய இடத்தில் தமிழ் போய்விடலாம். அண்ணா தமிழில் படிப்பிக்கிறார், தமிழில் பிள்ளைகளோடு கதைக்கிறார். அப்படியானால் தமிழில்தான் முதலில் சோதிக்க வேண்டும். ஆங்கிலமோ சிங்களமோ அவருடைய வேலைக்குத் தேவையென்றால் அதிலும் சேர்த்து. கொழும்பில் செய்தால், அவர் "கதிரை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "கதவு" என்றோ "கதுரி" என்றோ சொன்னதைப் பிடிக்கிற காது தியேட்டருக்குள் இருக்கிறதா? சென்னையில் செய்தால் தமிழ் தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஆனால் படத்தில் நாற்காலியை எதிர்பார்க்கும் ஒருவர், கதிரை என்ற பதிலைப் பிழை என்று குறித்துவிடக் கூடாது. யன்னல், அலுமாரி, சவர்க்காரம், பேணி எல்லாம் இப்படித்தான்.

இதற்கு வழி கடினமானது அல்ல. சத்திரசிகிச்சைக்கு முன்பே அந்தப் படங்கள் முழுவதையும் அவருக்குக் காட்டி, அவர் தன் வாயில் வருகிறபடி சொல்வதை எழுதி வைக்க வேண்டும். தடுமாறிய படங்களையும் அறியாத பொருள்களையும் நீக்கிவிட வேண்டும். மிஞ்சுகிறவற்றில் தியேட்டரில் பிழை வந்தால் அது மின்சாரத்தால் வந்தது என்று நம்பலாம். நல்ல குழுக்கள் இதை எப்படியும் செய்யும். நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது, தமிழில் செய்கிறார்களா, யாழ்ப்பாணத் தமிழ் புரிகிற ஒருவர் அன்று உள்ளே இருப்பாரா என்பதை. பேச்சுச் சிகிச்சையாளராகவோ, தாதியாகவோ, இளம் வைத்தியராகவோ இருக்கலாம். அவர் கணித ஆசிரியர் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். கழித்தல், பெருக்கல், வாசித்தல் எல்லாவற்றையும் சோதனையில் சேர்க்கலாம். தேவாரம் பாடச் சொன்னால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. சின்ன வயதில் மனப்பாடமானது, சொல்லைத் தேடும் வழி அடைபட்டாலும் தானாக வந்துவிடும். மனம் ஆற அது நல்லது, சோதனையாகக் கொள்ள முடியாது.

இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று தயங்க வேண்டாம். 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், பிறகு மானிப்பாயில் இருந்து நம் ஆட்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். சத்திரசிகிச்சை நூலைக்கூடத் தமிழாக்கினார். நோயாளியின் மொழியில் வைத்தியம் நடக்க வேண்டும் என்பது நம் ஊருக்குப் புதிதல்ல. விழிப்பில் செய்யும் மூளைச் சத்திரசிகிச்சையில் அது மரியாதைக்காகக் கேட்பதுமல்ல, வெட்டும் எல்லையையே அதுதான் தீர்மானிக்கிறது.

வைத்தியரைப் பார்க்கும்போது வேறு என்ன கேட்கலாம்? இப்படியானவற்றை எவ்வளவு காலமாகச் செய்கிறீர்கள், நடுவில் விழிப்பை நிறுத்தி முழு மயக்கத்துக்குப் போக வேண்டி வந்தால் என்ன திட்டம், மயக்க மருந்து வைத்தியரை முன்கூட்டிச் சந்திக்க முடியுமா. கடைசிக் கேள்விக்கு "ஓம்" என்று வராத இடத்தை நான் யோசித்துத்தான் எடுப்பேன். நோயாளியும் நானும் முதன்முதல் சந்திப்பது தியேட்டர் மேசையில் என்றால் நம்பிக்கை எங்கிருந்து வரும்? குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, நாள்பட்ட இருமல் இவை இருந்தால் மறைக்க வேண்டாம். நீரிழிவு இருந்தால், வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் சீனியை ஏற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டாரை உலுக்குவது பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய நாட்கள்தான். தியேட்டரில் நன்றாகப் பேசியவர் மறுநாள் வாட்டில் சொல் வராமல் திணறலாம், ஒரு கை சோர்ந்திருக்கலாம். எல்லைக்கு மிக அருகே வெட்டியதால் வரும் வீக்கம் இதற்கு ஒரு காரணம். முன்பகுதியின் நடுப்பக்கத்தில் வெட்டினால் பேச்சே கொஞ்ச நாள் நின்றுபோவதும் உண்டு. சோதித்துச் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு இது வாரங்களில், சிலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் திரும்பும். அந்த நாட்களில் அவருக்காக நீங்கள் வாக்கியத்தை முடித்துக் கொடுக்காதீர்கள். காத்திருங்கள். பேச்சுப் பயிற்சியை உடனே தொடங்குங்கள்.

எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் கதிர்ச் சிகிச்சையும் மருந்தும் தேவையா என்று தெரியும். கட்டியின் மரபணுக்களில் தேடும் ஐ.டி.எச். மாற்றம், 1பி/19கியூ இழப்பு இரண்டும் பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். இன்று கிளையோமாவின் பெயரே அவற்றை வைத்துத்தான் வைக்கப்படுகிறது. தொடர் சிகிச்சை தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையிலோ மகரகமையில் உள்ளதிலோ அமையலாம். அதற்காக எல்லா ஸ்கான்களையும், குறிப்பாகச் சத்திரசிகிச்சை முடிந்து மூன்று நாட்களுக்குள் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யையும், பிலிமாக மட்டுமல்லாமல் சீடியிலும் வாங்கி வையுங்கள். மூன்று மாதம் கழித்து எடுக்கும் படத்தை அதோடுதான் ஒப்பிடுவார்கள்.

சென்னைக்குப் போவதாக முடிவெடுத்தால், பலாலியிலிருந்து விமானம் இருக்கிறது என்று திரும்பும் திகதியை முன்கூட்டியே பதிவு செய்துவிடாதீர்கள். மண்டையைத் திறந்தபோது உள்ளே போன காற்று கரைய நாள் எடுக்கும், விமான உயரத்தில் அது விரியும். எப்போது பறக்கலாம் என்று சத்திரசிகிச்சை வைத்தியரே சொல்லட்டும். அண்ணா மோட்டார் சைக்கிளில் பாடசாலைக்குப் போகிறவராக இருந்தால் அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரையைச் சத்திரசிகிச்சை நாள் காலையிலும், வைத்தியர் வேண்டாம் என்று சொன்னாலன்றி, ஒரு வாய் தண்ணீரோடு விழுங்க வேண்டும். கட்டி எடுத்தாயிற்று என்று அதைத் தானாக நிறுத்தவும் கூடாது.